மிச்சத் தணல்

வாங்கிய அன்றே என் முதல் தஜீனை உடைத்துவிட்டேன். தஜீன் என்பது மொராக்கோவின் சமையல் மண்சட்டி; அதில் வேகும் குழம்புக்கும் அதே பெயர். கைதவறிக் கீழே போட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். சமைக்கிறேன் பேர்வழி என்று உடைத்தேன். எரிவாயு அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு, எண்ணெய் காய்ந்ததும் சீரகம் போட்டு, வெங்காயத்தை வதக்கி, கறியைப் போட்டுப் பிரட்டி, ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், சிதறுதேங்காய் உடைவதுபோல. சட்டி நடுவாக விரிசல் விட்டது. குழம்பு ஒழுகி அடுப்பை அணைத்தது. அந்த வேலையாவது எனக்கு மிச்சம்.

இது நடந்தது 2016இல், மொராக்கோவின் அட்லாண்டிக் கரையிலுள்ள சஃபி நகரத்தில். பாஸ்பேட் பாறையிலிருந்து பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும் ஆலைகள் உள்ள ஊர். இரண்டு ஆண்டு ஒப்பந்த வேலைக்குப் போயிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. உரத்துக்கான மூலப்பொருள் கப்பலில் வந்து இறங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்கு, அது கிளம்புகிற கரையில் வேலை கிடைத்தது வேடிக்கைதான். சஃபியிலும் சாளை மீன்தான் ராஜா. அங்கேயும் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1508 முதல் 1541 வரை நகரைப் பிடித்து வைத்திருந்தார்கள். கடலோரத்தில் அவர்கள் கட்டிய கோட்டை அலையடி வாங்கிக்கொண்டு நிற்கிறது. உப்பும் மீனும் கலந்த காற்று வீசும்போது கண்ணை மூடிக்கொண்டால் அது எங்கள் பீச் ரோடு.

சத்தம் கேட்டோ, தீய்ந்த வாடை வந்தோ, கீழ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்தார். அந்தத் தெருவே அவரைக் ‘கால்தி’ என்று அழைத்தது. ‘என் தாயின் உடன்பிறந்தவள்’ என்று பொருள். நம் ஊரில் உருது பேசுவோர் ‘காலா’ என்பார்களே, அதே சொல்தான். நம் கணக்கில் பெரியம்மா. என்னை அவர் ‘வ்லிதி’, அதாவது ‘என் பிள்ளை’ என்பார். உடைந்த சட்டியைப் பார்த்தார். அடுப்பின் குமிழ் எந்தப் பக்கம் திருகியிருக்கிறது என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “யார் உன்னைத் துரத்துகிறார்கள்?”

கால்தியின் பிறந்த ஊர் தெற்கே ஹாஹா என்ற மலைப்பகுதி. ஆர்கன் மரங்கள் வளரும் வறண்ட மண். தாய்மொழி தஷெல்ஹித். வெளியார் ‘பெர்பர்’ என்று அழைக்கும் மக்கள் தங்களை அமாசிக் என்கிறார்கள். அவர்களுடைய மொழிகளில் ஒன்று அது. அமாசிக் மொழிக்கு மொராக்கோவில் ஆட்சிமொழித் தகுதி கிடைத்ததே 2011ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில்தான். கால்தி வாழ்க்கைப்பட்டது சஃபியைச் சுற்றியுள்ள அப்தா சமவெளி அரபுக் குடும்பத்தில். அதனால் அந்தச் சமையலறையில் இரண்டு மொழிகள் புழங்கின. அடுப்பை அரபியில் திட்டுவார்; பேரப்பிள்ளையைத் தஷெல்ஹித்தில் கொஞ்சுவார். என்னோடு அரைகுறைப் பிரெஞ்சு. என்னுடையது கால்குறை. மீதியைக் கைகள் பேசின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைக் குயவர் குன்றுக்கு அழைத்துப் போனார். சஃபி, மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். குன்றின் சரிவு முழுக்கச் சூளைகளும் பட்டறைகளும். கடை வாசல்களில் நீலமும் மஞ்சளுமாகப் பூ வேலை செய்த தஜீன்கள் பளபளவென்று அடுக்கியிருக்கும். முன்பு நான் வாங்கியது அதில் ஒன்று. “அது கூடத்தில் வைக்க” என்றார் கால்தி. பளபளப்புப் பூச்சு போட்ட அலங்காரச் சட்டி நெருப்பைத் தாங்காது. பழைய பாணிப் பூச்சுகளில் ஈயம் சேர்ப்பதும் உண்டு, உணவில் இறங்கும். அடுப்புக்கு வேண்டியது பட்டறையின் பின்பக்கம் இருந்தது. பூச்சில்லாத, தடித்த, செம்மண் நிறச் சட்டி. அதன்மேல் கூம்பு மூடி. எனக்கு உடனே பஞ்சாரம்தான் நினைவுக்கு வந்தது. கோழியைக் கவிழ்த்து மூட எங்கள் கொல்லையில் கிடக்கும் கூடையின் குட்டி வடிவம். கால்தி விரல் மடக்கிச் சட்டியைத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். பானை வாங்கும்போது என் ஆச்சி செய்வதும் அதுவேதான். சட்டியைத் தட்டாமல் வாங்குகிறவர்களை இருவருமே மனிதர்களாக மதிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

புதுச் சட்டியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, உள்ளும் புறமும் ஆலிவ் எண்ணெய் தடவி, வெறுஞ்சட்டியாகவே சின்னத் தீயில் நீண்ட நேரம் வைத்துப் பழக்கினோம். அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்துப் பழக்குவது எங்கள் வீட்டு வழக்கம். இதைச் சொன்னதும், அரிசி கழுவிய தண்ணீரையா என்று கால்திக்கு ஒரே சிரிப்பு.

பிறகு பாடம் தொடங்கியது. வெங்காயத்தை வட்டமாக நறுக்கி, பச்சையாகவே சட்டியின் அடியில் பரப்ப வேண்டும். அதன்மேல் எலும்போடு ஆட்டுக்கறி. பூண்டு, சுக்குப் பொடி, மிளகுப் பொடி, கொஞ்சம் மஞ்சள், உப்பு, வெந்நீரில் ஊறிய குங்குமப்பூ. கொத்தமல்லித் தழையையும் பார்ஸ்லியையும் ஒரு சிறு கட்டாக நூலால் கட்டி உள்ளே செருக வேண்டும். மேலே ஆலிவ் எண்ணெய், தாராளமாக. தண்ணீர் அரைக் குவளை, அதுவும் ஓரமாக. மூடி. அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு இரும்புத் தகடு. தீ கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தால் அதிகம்.

“எப்போது தாளிப்பது?” என்று கேட்டேன். தாளிப்பதை அவருக்கு விளக்கவே கால் மணி நேரம் ஆனது. எண்ணெயைக் காயவைத்து, மசாலாவை வெடிக்கவிட்டு, வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்கி என்று நான் கைகளால் நடித்துக் காட்ட, அவர் முகத்தில் ஒரு பரிதாபம் தெரிந்தது. இவ்வளவு வேலையையும் செய்த பிறகு கறிக்குச் செய்ய என்ன மிச்சம் என்பதுபோல.

கிளறக் கூடாது. எனக்கு அதுதான் பெரும்பாடு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டியோடு எழுந்து போவேன். கால்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “உட்கார்” என்பார். நம் சமையலில் ஆள் அடுப்படியிலேயே நிற்க வேண்டும். ருசியின் பாதி தொடக்கத்திலேயே, எண்ணெயும் தீயும் உச்சத்தில் இருக்கும்போது, கையால் உண்டாக்கப்படுகிறது. ஒரு நொடி தவறினால் கடுகு கருகிவிடும். தஜீனில் தொடக்கத்தில் ஒன்றுமே நடப்பதில்லை. பச்சை வெங்காயமும் பச்சைக் கறியும் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மணி நேரம் கழித்துத்தான் முனகல்போல ஒரு கொதி கேட்கிறது. இரண்டாவது மணியில் வெங்காயம் தன் தண்ணீரையெல்லாம் விட்டுக் கரைகிறது. எலும்பை ஒட்டிய சவ்விலும் நரம்பிலும் இருக்கும் கொலாஜன், இந்தச் சின்னச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்து இளகிக் கூழாகிறது. அது குழம்பில் கலக்கும்போது உதட்டில் ஒட்டும் பதம் வருகிறது. தீயைக் கூட்டினால் சதை இறுகிவிடும். கடைசியில் தண்ணீர் சுண்டி, அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு கெட்டிக் குழம்பும் அதன் ஓரத்தில் எண்ணெயும் நிற்கும். அந்தக் கெட்டிக் குழம்புக்குத் ‘தக்மிரா’ என்று பெயர். எண்ணெய் பிரிந்து நிற்பதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம் வீட்டில் குழம்பு முடிந்ததற்கும் அதுதானே அடையாளம்.

கூம்பு மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. நீராவி மேலே எழுந்து, குளிர்ந்து, துளித்துளியாகத் திரும்பக் கறியின்மேல் விழுகிறது, அதுதான் தஜீனின் ரகசியம் என்று எல்லாச் சுற்றுலாக் கையேடுகளும் எழுதுகின்றன. பொய்யில்லை. ஆனால் நம் இட்லிக் கொப்பரை மூடியிலும் அதேதான் நடக்கிறது. நாம் யாரும் அதைப் பற்றிக் கவிதை எழுதவில்லை. கால்தியின் மூடி சட்டியில் சரியாகப் பொருந்தக்கூட இல்லை. ஒரு ஓரத்தில் ஆவி கசிந்துகொண்டே இருக்கும். அது கசிவதால்தான் குழம்பு சுண்டுகிறது என்பது என் கட்சி. கூம்பினால் கைமேல் பலன் ஒன்று உண்டு: உச்சியிலுள்ள குமிழ் நெருப்பிலிருந்து தள்ளி இருப்பதால் அவ்வளவாகச் சூடேறாது, வெறுங்கையால் தூக்கலாம்.

வாசனைப் பொருள் விஷயத்திலும் இப்படித்தான் ஒரு புராணம். ‘ராஸ் எல் ஹானூத்’ என்றால் ‘கடையின் தலை’. மளிகைக்காரர் தன் கடையிலுள்ள சிறந்த பொருள்களைச் சேர்த்து இடிக்கும் பொடி. இருபது, முப்பது சரக்குகள்கூடச் சேரும். மொராக்கோ சமையல் என்றாலே இந்தப் பொடிதான் என்று வெளிநாட்டில் நினைக்கிறார்கள். கால்தியின் வீட்டில் அந்த டப்பா ஆண்டுக்கு மூன்று, நான்கு முறைதான் திறக்கும். பக்ரீத்துக்குப் பிறகு மிஞ்சும் ஆட்டுக்கறியில் தேன், உலர் திராட்சை, பாதாம் சேர்த்துச் செய்யும் ‘ம்ரூசியா’வுக்கு ஒன்று. குழந்தை பெற்ற வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒன்று. அன்றாடத்துக்கு ஐந்து டப்பாக்கள்: சுக்கு, மிளகு, மஞ்சள், சீரகம், மிளகாய்ப்பழப் பொடியான தஹ்மிரா. இந்தத் தஹ்மிராவில் நிறம் உண்டு, காரம் கிடையாது. நம்மவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

சுக்குக்கு அங்கே ‘ஸ்கின்ஜ்பீர்’ என்று பெயர். அரபி ‘ஸஞ்சபீல்’ என்பதன் நாட்டு வழக்கு. அந்தச் சொல்லைப் பாரசீகம், பாலி என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் நம் ‘இஞ்சிவேர்’ வரை வருகிறது என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அதைக் கால்தியிடம் பெருமையாகச் சொன்னேன். “அப்படியா, அங்கே கிலோ என்ன விலை?” என்று கேட்டார்.

வீட்டுப் பெண்கள் குழம்புகளை நிறத்தால் பிரிக்கிறார்கள். எண்ணெய், சுக்கு, குங்குமப்பூவோடு மஞ்சளாக வந்தால் ‘முகல்லி’. தஹ்மிராவும் சீரகமும் வெண்ணெயும் சேர்ந்து சிவந்தால் ‘முஹம்மர்’. இரண்டும் கலந்தது ‘முஷர்மல்’. வெங்காயமும் மிளகும் வெண்ணெயுமாக வெளிறிய பொன்னிறத்தில் வருவது ‘கத்ரா’. நூற்றுக்கணக்கான தஜீன்களில் பெரும்பாலானவற்றை இந்த நாலு வாசலில் ஒன்றின் வழியாக நுழைந்து அடையாளம் கண்டுவிடலாம். கத்ராவுக்கு ‘ஸ்மென்’ வேண்டும். உப்பிட்டு மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில் புளிக்கவிட்ட வெண்ணெய் அது. மகள் பிறந்ததும் புதைத்து வைத்து அவள் கல்யாணத்துக்கு எடுப்பார்கள் என்று அமாசிக் ஊர்களில் சொல்வார்கள். முதல்முறை மூடியைத் திறந்தபோது பழைய நெய்யும் ஆட்டுப்பட்டியும் சேர்ந்த வாடை அடித்தது. இரண்டாவது மாதம் நானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

குழந்தை பெற்ற வீட்டுச் சாப்பாடு என்றேனே, அதற்கு ‘ர்ஃபீஸா’ என்று பெயர். கோழியை வெங்காயம், பயறு, நிறைய வெந்தயம், ராஸ் எல் ஹானூத் சேர்த்து நிதானமாக வேகவைத்து, பிய்த்துப் போட்ட அடுக்கு ரொட்டியின்மேல் ஊற்றுவார்கள். பிரசவமான மூன்றாம் நாள் தாய்க்குக் கொடுப்பது. வெந்தயம் பால் சுரக்கும், சூடான சரக்கு உடம்பைத் தேற்றும் என்பது நம்பிக்கை. கால்தியின் மகளுக்கு அங்கே குழந்தை பிறந்தபோது நானும் ஒரு தட்டு சாப்பிட்டேன். என் அக்காவுக்கு அம்மா கொடுத்த வெந்தயக் களி ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயம் என்பதை யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ.

எலுமிச்சையைப் பற்றி எழுதாமல் தஜீனைப் பற்றி எழுத முடியாது. முழு எலுமிச்சையை நாலாகக் கீறி, அடி ஒட்டியபடி விட்டு, உப்பைத் திணித்து, ஜாடியில் அழுத்தி, மேலே சாறு ஊற்றி மாதக்கணக்கில் வைக்கிறார்கள். மிளகாய் இல்லை, தாளிப்பு இல்லை. ‘ஹாமித் ம்ரக்கத்’ என்று பெயர். தூங்கவைத்த எலுமிச்சை என்று பொருள் வரும். சமைக்கும்போது சதையைப் பெரும்பாலும் எறிந்துவிட்டுத் தோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். கோழி முகல்லியில் ஆலிவ் காயோடு கடைசிக் கால் மணியில் அந்தத் தோல் விழுந்ததும் வீட்டின் வாசனையே மாறிவிடும்.

இந்த இடத்தில் ஒரு பழைய மொராக்கோக்காரரை இழுக்காமல் இருக்க முடியவில்லை. தாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, அமாசிக் குடியில் வந்தவர். 1340களில் இலங்கையைப் பார்த்துவிட்டு நம் சோழமண்டலக் கரைக்கு வந்து, மதுரை சுல்தானிடம் தங்கியிருந்தார்; சுல்தான் அவருக்குச் சகலை முறை. ஊர் திரும்பிய பிறகு ஃபெஸ் நகரில் தன் பயணத்தையெல்லாம் சொல்லி எழுதவைத்தார். அதில் இந்தியாவின் மாங்காயைப் பற்றிச் சொல்லும்போது, பழுக்காமல் உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, எங்கள் நாட்டில் எலுமிச்சைக்குச் செய்வதுபோல உப்பிட்டு ஊறவைக்கிறார்கள் என்கிறார். பச்சை இஞ்சியையும் மிளகுச் சரத்தையும் அப்படியே ஊறுகாய் போட்டு, கவளத்துக்குக் கவளம் தொட்டுக்கொள்கிறார்கள் என்றும் சொல்கிறார். மாவடுவைப் பார்த்து அவருக்கு வீட்டு எலுமிச்சை ஞாபகம் வந்திருக்கிறது. அறுநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து எலுமிச்சையைப் பார்த்து எனக்கு மாவடு ஞாபகம் வந்தது.

முதல் ஆண்டு முடிவில் கால்தி என்னைப் பிறந்த ஊருக்கு அழைத்துப் போனார். அதுவரை தஜீனின் பொறுமையை நான் ஒரு ரசனையாக நினைத்திருந்தேன். நேரம் கொடுத்துச் சமைக்கிறார்கள், வாழ்க்கையை அனுபவிக்கிறார்கள் என்று நகரத்தில் சொல்லிக்கொள்வோமே, அந்த மாதிரி. ஹாஹாவில் அது கலைந்தது. அங்கே விறகு என்பது பெண்கள் நடந்துபோய்ச் சுமந்து வருவது. காலையில் ரொட்டி சுட மண் அடுப்பை எரிக்கிறார்கள். ரொட்டி முடிந்ததும் தணலை வாரி ஒரு சின்ன மண் குமுட்டியில் போட்டுத் தேநீர் கொதிக்கவைக்கிறார்கள். தேநீருக்குப் பிறகு மிஞ்சியது பாதி சாம்பல், பாதி கங்கு. அதன்மேல்தான் தஜீன் ஏறுகிறது. ஏற்றிவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும், தண்ணீர் கொண்டுவரவும், ஆர்கன் கொட்டை உடைக்கவும் போய்விடுகிறார்கள். கிளறக் கூடாது என்பது விதியே இல்லை. கிளற வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். தீயைக் கூட்டவும் விறகு இல்லை. மிச்சமான நெருப்பும், வேறு வேலைக்குப் போன பெண்ணும் சேர்ந்து கண்டுபிடித்த சமையல் அது.

அன்றைய தஜீனில் எட்டுப் பேருக்கு என் உள்ளங்கை அளவு கறி. அதை நடுவில் வைத்து, மேலே உருளைக்கிழங்கு, காரட், டர்னிப், சுரைக்காய்த் துண்டுகளைக் கூடாரம்போல அடுக்கியிருந்தார்கள். கறியின் கொழுப்பு காய்களுக்கு ஏற, காய்களின் தண்ணீர் கறிக்கு இறங்க, எல்லாவற்றுக்கும் கறி ருசி. கொஞ்சம் கறியை நிறையப் பேருக்குக் காட்டும் தந்திரத்தில் நம் ஆச்சிகளும் தேர்ந்தவர்கள்தான். சட்டியைத் தாழ்வான மேசையின் நடுவே வைத்து, மூடியைத் தூக்கி, ‘பிஸ்மில்லா’ என்றார்கள். தட்டு கிடையாது. ரொட்டியைக் கிள்ளி, பெருவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவே பிடித்து, அவரவர் முன்னால் உள்ள பாகத்தை மட்டும் எடுத்துச் சாப்பிட வேண்டும். வலது கைதான் என்பதால் எனக்குச் சிரமமில்லை என்று நிம்மதியாக இருந்தேன். நேராக நடுவே கையை விட்டு, காயை விலக்கி, கறியைப் பிய்த்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேசை ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. காய்கள் தீர்ந்த பிறகு கால்தியின் அண்ணன் கறியை எடுத்து, எட்டாகப் பிய்த்து, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு துண்டு வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. கறி கடைசியில், பெரியவர் கையால். என் முன்னாலும் ஒரு துண்டு வைத்தார். ஏற்கெனவே தின்ற துண்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்தத் துண்டு எனக்குத் தொண்டையில் இறங்க நேரம் பிடித்தது.

மிச்ச நெருப்பு என்ற கண்ணோடு பார்க்கத் தொடங்கியபின் எல்லா இடத்திலும் அதுவே தெரிந்தது. சஃபியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி மராக்கெஷ். அங்கே பிறந்த, கல்யாணமாகாத ஒரு சக ஊழியர் என்னைத் ‘தஞ்சியா’ சாப்பிட அழைத்துப் போனார். தஞ்சியா என்பது கழுத்துச் சிறுத்து வயிறு பெருத்த ஒரு ஜாடி. உள்ளே வேகும் கறிக்கும் அதே பெயர். இது ஆண்களின் சமையல். கடைவீதித் தொழிலாளிகள் விடுமுறை நாளில் தோட்டத்துக்குப் போய்க் கூடிச் சாப்பிடச் செய்தது. மராக்கெஷில் சமைக்கத் தெரியாத ஆணுக்கும் தஞ்சியா தெரியும் என்றார் நண்பர். அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று அன்று மாலைக்குள் எனக்கும் புரிந்தது. ஜாடியோடு கறிக்கடைக்குப் போனோம். கடைக்காரரே மாட்டின் கால்சதையை எலும்போடு வெட்டிப் போட்டு, பூண்டு, சீரகம், குங்குமப்பூ, தூங்கவைத்த எலுமிச்சை, ஒரு கரண்டி ஸ்மென், எண்ணெய் எல்லாம் சேர்த்தார். காய்கறி எதுவும் இல்லை. ஜாடியின் வாயைக் காகிதத்தால் மூடி, சணல் கட்டி, காகிதத்தில் நாலு ஓட்டை குத்திக் கொடுத்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு ஹம்மாமின் பின்வாசலுக்குப் போனோம். ஹம்மாம் என்பது பேட்டையின் பொதுக் குளியலறை. அதன் தண்ணீரையும் தரையையும் சூடேற்றும் உலை, தெருமட்டத்துக்குக் கீழே ஒரு இருட்டறையில் எரிகிறது. தச்சுப் பட்டறை இழைப்புச் சுருளும் மரத்தூளும் அள்ளி அள்ளிப் போட்டு ஒரு மனிதர் அதைப் பார்த்துக்கொள்கிறார். உலையின் ஓரத்தில் சாம்பல் மேடு. அதில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு ஜாடிகள் கழுத்துவரை புதைந்திருந்தன. எங்களுடையதையும் ஒரு குழியில் இறக்கி, சாம்பலை அணைத்துவிட்டார். சில திர்ஹம் கொடுத்தோம். ஊர் குளிப்பதற்காக எரியும் நெருப்பு. அதன் சாம்பல் சூடு யாருக்கும் வேண்டாதது. அதில் எங்கள் கறி. காலையில் வைத்து, மாலையில் எடுத்தோம். இடையில் கிளற நினைத்திருந்தாலும் முடியாது. ஜாடியைத் தட்டில் கவிழ்த்தபோது எலும்பு தனியாக வந்து விழுந்தது, வழுவழுவென்று, கழுவி வைத்ததுபோல.

சஃபியில் யூதர்களும் வெகுகாலம் வாழ்ந்தார்கள். கால்தியின் மாமியார் காலத்தில் பக்கத்து வீடு ஒரு யூதக் குடும்பத்துடையது. சனிக்கிழமை ஓய்வுநாள், நெருப்பு மூட்டக் கூடாது என்பது அவர்கள் சமய விதி. வெள்ளிக்கிழமை பிற்பகலில் கொண்டைக்கடலை, கோதுமை, கறி, உருளைக்கிழங்கு, முழு முட்டை எல்லாம் போட்டு மூடிய பானையைப் பேட்டையின் பொது ரொட்டி அடுப்புக்கு அனுப்புவார்கள். ரொட்டி வேலை முடிந்து அடுப்பு ஆறத் தொடங்கும் நேரம். இரவெல்லாம் அந்த ஆறும் சூட்டில் கிடந்து, மறுநாள் மதியம் தொழுகை முடிந்து எடுத்தால் முட்டை ஓட்டுக்குள்ளேயே பழுப்பேறியிருக்கும். ‘ஸ்கீனா’ என்று பெயர். சூடானது என்று பொருள். அடுப்பு முஸ்லிம் ரொட்டிக்காரருடையது. சனிக்கிழமை வாசனை தெரு முழுவதற்கும். 1948க்குப் பிறகு, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், மொராக்கோ யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டினர் போகும்போது பானையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். கால்தி அதில் ஆலிவ் ஊறவைக்கிறார்.

வெள்ளிக்கிழமைக் கூஸ்கூஸும் இந்தக் கணக்கில்தான் சேரும். கீழ்ப்பானையில் கறியும் காயும் குழம்பாகக் கொதிக்க, அதன்மேல் வைத்த துளைப்பானையில் கோதுமைக் குருணை அந்த ஆவியிலேயே வேகிறது. ஒரு நெருப்பு, இரண்டு சமையல். யுனெஸ்கோ 2020 டிசம்பரில் கூஸ்கூஸைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மௌரித்தேனியா நான்கும் கூட்டாகக் கேட்டு வாங்கியது அது. ஒன்றுக்கொன்று ஆகாத அண்டை நாடுகளான அல்ஜீரியாவும் மொராக்கோவும் வேறு எந்தக் காகிதத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடும் என்று எனக்குத் தெரியவில்லை. தஜீனில் அப்படி ஒற்றுமை வராது. துனிசியாவில் தஜீன் என்று கேட்டால் முட்டையும் கறியும் பாலாடைக்கட்டியும் சேர்த்து அடை மாதிரி சுட்டு, சதுரமாக வெட்டிக் கொடுப்பார்கள். கூம்பும் இல்லை, குழம்பும் இல்லை. முதன்முதலில் அதைத் தின்ற மொராக்கோ நண்பர் வழக்குப் போடலாமா என்று யோசித்தார்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. வேலைநாள்களில் கால்தி பிரஷர் குக்கரில்தான் சமைத்தார். ‘கோகோட்’ என்று பிரெஞ்சுப் பெயர். நாற்பது நிமிடத்தில் கறி வெந்துவிடும். அதைத் தஜீனில் மாற்றி, மூடி போட்டு, மேசைக்குக் கொண்டுவருவார். நகரத்து வீடுகள் பலவற்றில் இன்று தஜீன் பரிமாறும் பாத்திரம்தான். முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு யோசித்தால், ஹாஹாவில் மிஞ்சிய தணலில் தஜீனை ஏற்றிவிட்டுத் தழை ஒடிக்கப் போன பெண் செய்ததும் இதே கணக்குத்தான்: இருக்கிற நெருப்பு என்ன, இருக்கிற நேரம் என்ன. தணல் இருந்த காலத்தில் தணல். இப்போது இருப்பது சிலிண்டர். மானிய விலையில் 40 திர்ஹமுக்கு விற்ற 12 கிலோ சிலிண்டர் 2024 மே மாதத்தில் 50 ஆனது. அன்று தொலைபேசியில் கால்தி அரசாங்கத்தை இரண்டு மொழியிலும் திட்டினார். கோகோட் குக்கரை ஒரு மொழியிலும் திட்டி நான் கேட்டதில்லை.

2018இல் ஊர் திரும்பும்போது எனக்கென்று ஒரு தஜீன் வாங்கிக் கொடுத்து, பழைய கம்பளித் துணியில் சுற்றி, கால்தியே பெட்டியில் வைத்தார். காசாபிளாங்காவில் ஏறி, இரண்டு விமானம் மாறி, தூத்துக்குடியில் பெட்டியைத் திறந்தபோது அடிச்சட்டி மூன்று துண்டாக இருந்தது. மூடி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது. அம்மா அந்த மூடியை எடுத்து, தட்டிப் பார்த்து, “நல்ல சூளை” என்றாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் வீடியோ அழைப்பில் கால்தி கேட்டார், தஜீன் எப்படி இருக்கிறது என்று. நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். ஒரு ஓரத்தில் கல்லை அண்டக் கொடுத்து மூடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா குமிழைப் பிடித்துத் தூக்கினாள். உள்ளேயிருந்து மூன்று கோழிக்குஞ்சுகள் நாலாபக்கமும் ஓடின. அந்தப் பக்கம் கால்தி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைத் தாண்டி என் முகத்தைத் தேடினார்.

“வ்லிதி, அடிச்சட்டி எங்கே?”